நினைத்தால் அடிக்கும் ஹாரன்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தடத்தில் போன லாரி கண்ணாடியைப் பார்க்காமல் என் தடத்துக்குள் சாய்ந்தது. ஹாரனை அழுத்தினேன். சத்தம் இல்லை. பிரேக்கைப் பிடித்து எப்படியோ ஒதுங்கிவிட்டேன். கணவாய் முடிந்ததும் ஓரமாக நிறுத்தி அழுத்திப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல் கணீரென்று அடித்தது.

அதற்கு முன்பே ஒரு பட்டறையில் அந்த வண்டிக்கு இரண்டு முறை ஹாரன் மாற்றியிருந்தார்கள். மாற்றிய அன்று அடிக்கும்; மூன்றாம் வாரம் மறுபடி ஊமையாகிவிடும். கடைசியில் பாலக்கோட்டில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பானெட்டைத் திறந்தார். ஹாரனைத் தொடவே இல்லை. அதன் அருகே பாடியில் துருவேறிக் கிடந்த ஒரு போல்ட்டைத் திருப்புளியால் தட்டிக் காட்டி, "வாயில் கோளாறு இல்லை தம்பி, கால் ஊன்றிய இடத்தில்தான் கோளாறு" என்றார். எர்த் ஒயர், அதாவது ஹாரனுக்குப் போன மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் ஒயர், பிடித்திருந்த போல்ட் அது.

அதற்குப் பிறகு என் வண்டி, மைத்துனர் வண்டி, தெருக்காரர்களின் வண்டிகள் என்று பல ஹாரன்களைப் பார்த்துவிட்டேன். பழுதாகக் கிடந்தது பெரும்பாலும் ஹாரனாக இருந்ததில்லை. எனவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும், ஹாரனை விலைக்கு வாங்குவதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கையில் வேண்டியவை

ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு நீள ஒயர்களைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் நல்லதுதான், ஆனால் ஹாரன் விஷயத்தில் பல்புதான் உண்மையைச் சொல்லும். ஒயருக்குள் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு அப்படி ஏமாறாது, மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இதோடு 15 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த ஒரு நீள ஒயர், உப்புத்தாள், குறடு, 10 எம்எம் ஸ்பேனர், வண்டியில் இருக்கும் அளவிலேயே இரண்டு உபரி ஃபியூஸ்.

ஒரு துணை ஆளும் வேண்டும். என் வீட்டில் அந்த வேலை சின்ன மகளுடையது. "அப்பா, அழுத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அழுத்துவாள். துணைக்கு வருபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரில்லுக்குள் தலையை விட்டிருக்கும்போது கேட்காமல் அழுத்திவிட்டால் காது அன்று முழுக்க ரீங்காரமிடும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் 'டிக்'

சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், ஒருவர் ஹாரனை அழுத்தட்டும். நீங்கள் ஃபியூஸ் பெட்டியில் ஹாரன் ரிலே (பொத்தானை அழுத்தியதும் ஹாரனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னச் சுவிட்ச்) மேல் விரலை வைத்திருங்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் எது ஹாரன் ரிலே என்று படம் போட்டிருக்கும். அழுத்தும்போதெல்லாம் 'டிக்' என்று விரலில் தட்டினால் ஸ்டீயரிங் பக்கம் சரியாக இருக்கிறது. பழுது ரிலேயிலிருந்து ஹாரன் வரையிலான பாதியில். தட்டவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஸ்டீயரிங் என்ற மற்றப் பாதியில் தேடுங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் ரிலேயே இருக்காது. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. நேராக ஹாரன் கனெக்டருக்குப் போய்விடலாம்.

அறிகுறி: சில நேரம் அடிக்கிறது, சில நேரம் இல்லை

ஆளைப் பைத்தியமாக்குவது இதுதான். பட்டறைக்குக் கொண்டுபோனால் அடிக்கும், வீட்டுக்கு வந்தால் அடிக்காது. அது எப்போது அடிக்கவில்லை என்பதை ஒரு வாரம் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மழையிலோ வண்டி கழுவிய பிறகோ நின்றுபோகிறதா? ஹாரன் கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். செம்புக் குடத்தில் ஏறுமே, அதே பச்சைக் களிம்பு முனையில் ஏறியிருக்கும். நம் பக்கத்தில் இது சீக்கிரமே வருகிறது. கோடையில் கிரானைட் லாரிகள் போகும் சாலையின் தூள் போய்ப் படிகிறது. ஐப்பசி மழையில் செம்மண் சேறு அதன் மேல் ஏறுகிறது. கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கும் ஹாரன் இரண்டையும் முகத்தில் வாங்கிக்கொள்கிறது. மடித்த உப்புத்தாளால் முனையை லேசாகத் தேய்த்து, கனெக்டர் தளர்ந்திருந்தால் குறடால் ஒரு மயிரிழை இறுக்கி, வாசலின் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். செலவு இல்லை.

களிம்பு இல்லை, ஆனால் வெயில் ஏறினால் தானாகச் சரியாகிறது என்றால் ஹாரனுக்குள்ளேயே தண்ணீர் இறங்குகிறது. சங்கு வடிவ ஹாரனின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பம்பர் வேலை பார்த்தவர்கள் திருப்பி மாட்டிவிட்டால் மழைநீரைக் கிண்ணம் போலப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குழியில் விழுந்து எழுந்தால் அடிக்கிறது, அல்லது நின்றுபோகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள். என் வண்டியின் கதை இதுதான். இரண்டு முனை உள்ள ஹாரனில் எர்த் ஒயர் தனியாகப் போய்ப் பாடியில் ஒரு போல்ட்டில் முடியும். ஒற்றை முனை ஹாரனில் அதைத் தாங்கும் இரும்புப் பட்டையே எர்த். சோதனை எளிது. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரை நேராக ஹாரனின் எர்த் முனையில், ஒற்றை முனையானால் அந்தப் பட்டையில், பிடித்துக்கொண்டு அழுத்தச் சொல்லுங்கள். உடனே கணீரென்று அடித்தால் பழுது கைக்குள் வந்துவிட்டது. போல்ட்டைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் துருவும் பெயிண்டும் போய் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, மறுபடி இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். களி கிண்டி இறக்குவதற்குள் முடிகிற வேலை.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. புதிய ஹாரன் மாட்டும்போது போல்ட்டைக் கழற்றி மாட்டுவதாலேயே துரு கொஞ்சம் உரசி, எர்த் சில வாரம் சரியாகிவிடும். புது ஹாரன்தான் அடிக்கிறது என்று நாம் நம்பிவிடுவோம். நான் இரண்டு முறை நம்பினேன்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் நின்றுபோகிறதா? வத்தல்மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் அடிக்காமல், வளைவு முடிந்து நேரானதும் அடித்தால் சந்தேகமே வேண்டாம். வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஹாரனை விட்டுவிட்டு அழுத்துங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் அடிக்கவில்லை என்றால் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் தொடர்பு தேய்ந்திருக்கிறது. ஏர்பேக் இல்லாத பழைய வண்டியில் அது வளையத்தில் உரசும் சின்னப் பித்தளை முனை, எலக்ட்ரீஷியன் சுத்தம் செய்து வளைத்துவிட்டால் போதும். ஏர்பேக் உள்ள வண்டியில் அது கிளாக் ஸ்பிரிங்; சுருட்டி வைத்த நாடா போன்ற ஒயர். அது அறுந்தால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் எரியலாம், ஸ்டீயரிங்கில் இருக்கும் பாட்டுப் பொத்தான்களும் செத்துப்போகலாம். இவற்றில் ஒன்று ஹாரனோடு சேர்ந்து வந்தாலே வேறு எங்கும் தேட வேண்டாம்.

இங்கே கை வைக்காதீர்கள். ஏர்பேக் வெடித்துத் திறக்கும் பொருள். அதன் மஞ்சள் கனெக்டரில் டெஸ்ட் பல்பை வைப்பது விளையாட்டு அல்ல. பேட்டரியைக் கழற்றி, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, முறைப்படி திறக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போவது மேல். செலவு ஆயிரங்களில் வரும். கூடவே ஏர்பேக்கும் வேலை செய்யாமல் கிடக்கலாம் என்பதால் அதைத் தள்ளிப்போடவும் கூடாது.

அறிகுறி: ஒரேயடியாகச் சத்தமே இல்லை

ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். 10 அல்லது 15 ஆம்பியர் இருக்கும். கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்; மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. பல்பின் ஒரு ஒயரை எர்த்தில் வைத்து, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளையும் மற்ற ஒயரால் தொடுங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. புதிதாகப் போட்டதும் அதுவும் போனால் கீழே அதற்குத் தனித் தலைப்பு இருக்கிறது.

ஃபியூஸ் சரி, 'டிக்' இல்லை என்றால் ரிலேயை மாற்றிப் பாருங்கள். கடைக்குப் போக வேண்டாம். அதே பெட்டியில் ஏசிக்கோ ஃபாக் லாம்ப்புக்கோ அதே எண் அச்சிட்ட ரிலே ஒன்று இருக்கும். இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஹாரன் அடித்தால் ரிலேதான் குற்றவாளி. நான் கடைசியாக வாங்கியது 180 ரூபாய். மாற்றிய பிறகும் 'டிக்' இல்லையென்றால் ஸ்டீயரிங் பக்கம், மேலே சொன்னதுதான்.

'டிக்' கேட்கிறது, சத்தம் இல்லை என்றால் ஹாரன் கனெக்டரைக் கழற்றி அதன் இரண்டு முனைகளிலும் பல்பை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் மின்சாரமும் எர்த்தும் ஒழுங்காக வருகின்றன, ஹாரன் செத்துவிட்டது. எரியவில்லை என்றால் பல்பின் எர்த் பக்கத்தை நேராக பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இப்போது எரிந்தால் எர்த். அப்போதும் இல்லை என்றால் ரிலேயின் உள்முனை கெட்டிருக்கிறது, அல்லது ரிலேயிலிருந்து வரும் ஒயர் வழியில் அறுந்திருக்கிறது.

ஒயர் அறுந்தால் முதலில் எலியை நினையுங்கள். புளியமரத்தடியில் இரவு நிறுத்தும் வண்டிக்கும், தீவன மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிக்கும் இது வருடத்துக்கு ஒரு முறை வரும் விருந்தாளி. பானெட்டுக்குள் புளியங்கொட்டை ஓடோ, நெல் உமியோ, பொடிப்பொடியாகக் கடித்த பிளாஸ்டிக்கோ கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் ஹாரன் ஒயரோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள எல்லா ஒயரையும் பார்த்துவிடுங்கள். ஹாரன் ஒயர் ஒன்றை மட்டும் கடித்துவிட்டுப் போகும் எலியை நான் கண்டதில்லை. ஒற்றை ஒயரானால் முறுக்கிப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம். கொத்தாகக் கடித்திருந்தால் எலக்ட்ரீஷியன் வரட்டும்.

அறிகுறி: சத்தம் வருகிறது, ஆனால் வலுவில்லை

எஞ்சின் ஓடும்போது நன்றாக அடித்து, நிறுத்தியிருக்கும்போது முனகினால் ஹாரனை விட்டுவிட்டு பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே வந்துவிட்டால் ஹாரன் உங்களுக்கு முன்கூட்டியே செய்தி சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து செல்ஃப் எடுக்காது. முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து இறுக்குவது முதல் வைத்தியம்.

குரல் மெலிந்து, ஒற்றையாகக் கேட்கிறதா? பல வண்டிகளில் இரண்டு ஹாரன்கள் இருக்கும். ஒன்று கனத்த குரல், மற்றது கீச்சுக் குரல். ஒன்று போனாலும் மற்றது அடிப்பதால் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கனெக்டரைக் கழற்றி அழுத்தினால் எது ஊமை என்று தெரிந்துவிடும்.

கரகரவென்று, சளி பிடித்தவர் குரல் போல வந்தால் மூன்று காரணங்கள். வாய்க்குள் சேறு அல்லது குளவிக் கூடு. காவேரிப்பட்டணத்தில் உறவினர் ஒருவரின் வண்டி இரண்டு மாதம் நின்றிருந்தது, அதன் சங்கு ஹாரனிலிருந்து முழுசாக ஒரு மண்கூட்டைக் குச்சியால் குடைந்து எடுத்தேன், எடுத்ததும் குரல் திரும்பிவிட்டது. இரண்டாவது, ஹாரன் எங்கேயாவது பாடியையோ கிரில்லையோ தொட்டுக்கொண்டிருப்பது. ஹாரனை ஒரு மெல்லிய பட்டையில் தொங்கவிட்டிருப்பதே அது தாராளமாக அதிர வேண்டும் என்பதற்காக. உறுதியாக இருக்கட்டும் என்று நேராக பாடியோடு சேர்த்து முறுக்கிவிட்டால் குரல் செத்துவிடும். மூன்றாவது, உள்ளே இருக்கும் முனை தேய்ந்திருப்பது. தட்டு வடிவ ஹாரன் பலவற்றில் பின்புறம் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். ஹாரனைக் குறுகக் குறுக அடிக்கவிட்டு, அந்த ஸ்குரூவைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இருபுறமும் திருப்பிப் பாருங்கள். குரல் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். இது ஆறு மாதம் ஓட்டும் வைத்தியம்தான், அதற்குள் புதிது வாங்கிவிட வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல் சோர்ந்து அடித்தால், ஹாரனை மாட்டியபடியே அழுத்தும்போது அதன் முனைகளில் மீட்டரை வையுங்கள். பேட்டரியில் 12.5 இருக்க, இங்கே 11க்குக் கீழே வந்தால் நடுவில் யாரோ வழிமறிக்கிறார்கள்: கனெக்டர், ரிலேயின் உள்முனை, எர்த். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அறிகுறி: நிற்காமல் அடிக்கிறது

முதலில் சத்தத்தை நிறுத்துங்கள், பிறகு யோசிக்கலாம். ரிலேயைப் பிடுங்குங்கள், அது கைக்கு வரவில்லை என்றால் ஃபியூஸ், அதுவும் தெரியவில்லை என்றால் பேட்டரி நெகட்டிவ்.

இதை நான் நிதானமாகக் கற்றுக்கொள்ளவில்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் காட்டுச் சாலை, பொழுது சாயும் நேரம். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிய பகுதி, யானைகள் சாலையைக் கடக்கும் இடம். ஹாரன் அடிக்கவே கூடாத அந்த இடத்தில் என் மைத்துனர் வண்டி ஊளையிடத் தொடங்கியது. "மச்சான், எதையாவது பிடுங்கு!" என்றார். செல்போன் வெளிச்சத்தில் மூடியின் படத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு யுகம் போனது போல இருந்தது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு வண்டிகளிலும் ஹாரன் ரிலே மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு இருக்கிறது.

ரிலேயைப் பிடுங்கியதும் நின்றுவிட்டதா? வேறொரு ரிலேயை மாட்டிப் பாருங்கள். அமைதியாக இருந்தால் பழைய ரிலேயின் முனைகள் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டன, புதிது வாங்கினால் முடிந்தது. புது ரிலேயும் மாட்டிய உடனே அடித்தால் ஸ்டீயரிங்கின் பொத்தான் ஒட்டியிருக்கிறது, அல்லது அங்கிருந்து வரும் ஒயர் தோலுரிந்து பாடியைத் தொடுகிறது. பல வண்டிகளில் ஹாரன் பொத்தான் செய்வதே அந்த ஒயரை எர்த்தோடு இணைப்பதுதான். ஒயர் தானாக எர்த்தைத் தொட்டால் நீங்கள் அழுத்தியதாகவே ரிலே நினைத்துக்கொள்ளும். ஸ்டீயரிங் மேல் இறுக்கமான உறை போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள். நடுமூடியை நான்கு பக்கமும் கையால் தட்டிப் பாருங்கள். அதற்கு மேல், ஏர்பேக் வண்டியானால் நிபுணர் வேலை. ரிலேயைக் கழற்றி வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போங்கள்.

ரிலேயைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் ரிலேக்கும் ஹாரனுக்கும் நடுவில் ஹாரன் ஒயர் வேறு மின்சார ஒயரோடு உரசியிருக்கிறது. பெரும்பாலும் பின்னால் மாட்டிய திருட்டு அலாரத்தின் இணைப்பு. மாட்டியவரிடமே கொண்டுபோங்கள்.

அறிகுறி: ஹாரன் அடித்ததும் ஃபியூஸ் போகிறது

இரண்டு ஹாரன் கனெக்டர்களையும் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டு அழுத்துங்கள். அப்போதும் போனால் ஒயர் எங்கேயோ பாடியில் நசுங்கியிருக்கிறது. பம்பர் கழற்றி மாட்டிய வண்டியானால் அந்த இடத்தையே முதலில் பாருங்கள். போகவில்லை என்றால் ஒவ்வொரு ஹாரனாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது போகிறதோ அதற்குள்தான் ஷார்ட். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதே என்று பெரிய ஆம்பியர் போடுவதும், சாக்லேட் தாள் சுற்றிச் செருகுவதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் ஒயர் எரியும். இரண்டாவது ஃபியூஸும் போய், நசுங்கிய இடம் கண்ணுக்குச் சிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஹாரனைத்தான் மாற்ற வேண்டும் என்றால்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து அந்த ஃபியூஸ் கோத்த ஒயரையும், நெகட்டிவிலிருந்து இன்னொரு ஒயரையும் நேராக ஹாரனுக்குக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் ஊமை என்றால் மட்டும் கடைக்குப் போங்கள். வண்டியில் இருந்த அதே அளவு ஹாரனைக் கேளுங்கள். கடைக்காரர் காட்டும் இரட்டைச் சங்கு அதிக மின்சாரம் இழுக்கும். அதற்குத் தனி ரிலேயும் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரும் போடாமல் பழைய ஒயரிலேயே மாட்டினால், மேலே சொன்ன பழுதுகள் எல்லாம் வரிசையாக வரும். பல ராகம் பாடும் ஹாரனை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதியே தடை செய்கிறது. காரில் ஏர் ஹாரன் மாட்டிக்கொண்டு பழுது என்று என்னிடம் வருபவர்களுக்கு நான் பானெட்டைத் திறப்பதில்லை.

என் வண்டியிலிருந்து அந்தப் பட்டறை கழற்றிப் போட்ட இரண்டு ஹாரன்களையும் பின்னர் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அடித்தன. ஒன்று இப்போது காரிமங்கலத்தில் மாமாவின் டிராக்டரில் இருக்கிறது. மற்றது வீட்டு ஷெட்டில் தொங்குகிறது, யாராவது ஹாரன் போச்சு என்று வந்தால் சோதித்துப் பார்க்க அதைத்தான் எடுக்கிறேன்.